நடுங்கும் இருதயமும் மூவகைச் சிகிச்சையும்

மக்களின் இருதயம் நான்கு அறைகளை உடையது என்பதும், மேலறைகள் இரண்டும் முன்னர்ச் சுருங்கக் கீழறைகள் பின்னர்ச் சுருங்கும் என்பதும் யாவரும் அறிந்தனவே. இவ்வொழுங்கை நடத்துவது வலது மேலறையில் பிறக்கும் நுண்ணிய மின்துடிப்பாகும். சிலர்க்கு இவ்வொழுங்கு குலைந்து, மேலறைகள் சுருங்குதலொழிந்து வெறுமனே நடுங்கும். நிமிடத்திற்கு 350 முதல் 600 வரை துடிப்புக்கள் அங்கே எழும். இந்நோயை ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்பர். நோயாளர் சிலர் யாதொன்றும் உணரார். ஆயினும் நடுங்கும் அறையிலே குருதி தேங்கி உறைந்து, அவ்வுறைவு மூளைக்குச் சென்று பக்கவாதத்தை விளைத்தல் உண்டு.

இந்நடுக்கம் எங்கிருந்து தொடங்குகின்றது? 1998ஆம் ஆண்டில், பிரெஞ்சு நாட்டுப் போர்தோ நகரத்து வைத்தியர் மிஷல் ஹைஸகேரும் அவர்தம் துணைவரும் 45 நோயாளரை ஆராய்ந்து, நடுக்கத்தைத் தூண்டும் 69 இடங்களைக் கண்டனர். அவற்றுள் நூற்றுக்கு 94 பங்கு, நுரையீரலினின்றும் இடது மேலறைக்குக் குருதி கொணரும் சிரைகளினுள்ளே இருந்தன. அது முதல் இச்சிரைகளின் வாயை அடைப்பதே சிகிச்சையின் முதல் நோக்கமாயிற்று. அடைப்பது குருதியையன்று, மின்னோட்டத்தையே. தொடைச் சிரையின் வழியே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, மேலறைகட்கு இடைப்பட்ட சுவரைத் துளைத்து இடப்புறம் சென்று, ஒவ்வொரு சிரைவாயைச் சுற்றியும் மின்னோட்டம் கடவாத வடு ஒன்றை உண்டாக்குவர்.

இச்செயலை அப்லேஷன் என்பர். இதனை ‘அழித்தல்’ எனத் தமிழாக்குவது எனக்கு உடன்பாடன்று. தூண்டும் இடம் சிரையினுள்ளே பின்னும் துடித்துக் கொண்டிருக்கலாம். வைத்தியர் இடுவது ஒரு வரப்பே. வரப்பில் சிறு உடைப்பு இருப்பினும் நீர் பாய்ந்துவிடுமன்றோ? நோய் மீளுதற்குப் பெரும்பான்மையும் காரணம் அத்தகைய உடைப்பேயாம்.

வரப்பிடும் முறை மூன்று. முதலாவது ரேடியோ அலையால் எழும் வெப்பம். கதீட்டரின் நுனியைப் புள்ளி புள்ளியாக ஊன்றி, தசையை 50 பாகைக்கு மேல் சுடச்செய்து வடுவாக்குவர். இடது மேலறையின் பின்சுவரை ஒட்டி உணவுக்குழல் செல்கின்றது. வெப்பம் அதனையும் தாக்கின், சில வாரங்கள் கழித்து இரண்டற்கும் இடையே துளை விழலாம். இஃது அரிதினும் அரிது. நேர்ந்தாலோ உயிர் பிழைத்தல் அரிது.

இரண்டாவது குளிர். சிறு பலூன் ஒன்றைச் சிரைவாயிலே பொருத்தி, நைட்ரஸ் ஆக்ஸைடைச் செலுத்த, வளையம் முழுவதும் ஒரே முறையில் உறையும். இதில் இடர்ப்படுவது வலச் சிரைகளை அடுத்தோடும் பிரெனிக் நரம்பு. அது தாக்குண்டால் உதரவிதானம் அசைவற்றுப் போம், பெரும்பாலார்க்குப் பின்னர் மீளும். ஆதலின் அவ்விடத்தை உறைவிக்குங்கால், அந்நரம்பை மின்னால் தூண்டி, வயிற்றின் மேல் கைவைத்து உதரவிதானத்தின் துள்ளலைப் பார்த்தபடியே இருப்பர். துள்ளல் தளருமாயின் உடனே நிறுத்துவர். இத்துணைப் புதிய கருவிகளின் நடுவே மனிதன் கையே காவலாய் நிற்பது என்னை வியப்புறுத்தியது.

2016இல் வெளிவந்த 762 நோயாளரைப் பற்றிய ஆராய்ச்சியில், நோய் மீளுதல் முதலிய தோல்வி நூற்றுக்கு வெப்பத்தில் 35.9, குளிரில் 34.6 ஆக நின்றது. வேறுபாடு இல்லை என்றே கூறலாம்.

மூன்றாவது மின்துடிப்பு முறை. இதில் சுடுதலும் உறைவித்தலும் நோக்கமல்ல. கணநேர மின்னழுத்தத்தால் உயிரணுக்களின் மேலுறையில் நுண்துளைகள் விழ, அவை மடியும். இருதயத் தசை நரம்பினும் உணவுக்குழலினும் எளிதில் இதற்கு இரையாதலின், அயலிடங்கள் பெரும்பாலும் தப்பும். 2024இல் வெளியான 17,642 நோயாளரின் கணக்கில் உணவுக்குழல் துளை ஒன்றேனும் இல்லை. இம்முறையும் குற்றமற்றதன்று. துடிப்புக்கள் மிகுந்தால் குருதியின் செவ்வணுக்கள் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குதலும், இருதயத்தமனி சுருங்குதலும் காணப்பட்டுள்ளன. 2023இல் 607 பேரிடத்து ஒப்பிட்டபோது, ஓராண்டில் பயன் பெற்றோர் நூற்றுக்கு 73 பேர். பழைய முறைகளில் 71 பேர். 2025இல் சுவிட்சர்லாந்தில் 210 பேரின் உடலில் பதிகருவி வைத்து இடையறாது நோக்கியபோதோ, நோய் மீண்டோர் நூற்றுக்கு மின்துடிப்பில் 37, குளிரில் 51 ஆயினர்.

எனவே மூன்றற்கும் உள்ள வேற்றுமை, நோயைத் தீர்ப்பதில் தோன்றுவதினும் அயலுறுப்புக்களைக் காப்பதில் மிகுதியாகத் தோன்றுகின்றது. நோயாளரோ ‘துடிப்புச் சீராயிற்று’ என்று கேட்டவுடன் குருதி உறையாமைக்குரிய மருந்தைக் கைவிட விரும்புவர். எம்முறையால் வரப்பிட்டாலும் அம்மருந்து இரண்டு மாதங்களேனும் வேண்டும். அதன்பின் நிறுத்துவதோ தொடர்வதோ, வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன்னர் வந்த பக்கவாதம் ஆகியவற்றை நோக்கி வைத்தியரே துணியத் தக்கது.