கேஸ் அடுப்புக்கு ஓர் எக்ஸெல் பைல்

கம்ப்யூட்டர் வாங்கி ஓரிரு மாதம் ஆனவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "எக்ஸெல் கற்றுக் கொண்டால் வீட்டில் அதை எதற்குப் பயன்படுத்துவது?" என்பதுதான். பலரும் மாதச் செலவு, பால் கணக்கு என்று தொடங்குவார்கள். இரண்டு வாரத்தில் விட்டு விடுவார்கள். நான் வேறு ஒன்றைச் சொல்வேன். உங்கள் வீட்டு கேஸ் அடுப்பைச் சுற்றி நான்கு தேதிகள் உள்ளன. அவற்றை நினைவில் வைத்திருப்பவர் மிகச் சிலரே. நினைவில் வைக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுங்கள். அதே சமயம், கம்ப்யூட்டரைத் தொடவே கூடாத ஒரு நேரமும் உண்டு. இந்தக் கட்டுரையில் இரண்டையும் பார்ப்போம்.

நான் காஞ்சிபுரத்துக்காரன். படித்தது இன்ஜினியரிங்; பார்ப்பது சாப்ட்வேர் வேலை. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் இப்போது பல வீடுகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்காக மட்டும் அல்ல. பட்டுப் புடவையின் பார்டர், முந்தானை டிசைன்களையும் அதில்தான் வரைகிறார்கள். தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் பழைய உறவு உண்டு. 1804ல் பிரான்சில் ஜக்கார்டு தறிக்குத் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தினார்கள். பின்னர் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுக்கவும் துளையிட்ட அட்டைகள் வந்தன. இன்று ஒரே கூரையின் கீழ் தறி, கம்ப்யூட்டர், கேஸ் அடுப்பு மூன்றும் இருக்கின்றன. கவனிக்க வேண்டியது இங்குதான்.

கேஸ் எங்கே போகும்?

சமையல் கேஸ் என்பது புரோபேன், பூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கும். உள்ளே அழுத்தத்தில் திரவமாக இருக்கும் இது, வெளியே வந்தால் ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். இதற்கு இயல்பாக வாடை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள்.

முக்கியமான விஷயம், இது காற்றைவிடக் கனமானது. புகை போல மேலே போகாது. தண்ணீர் போலத் தரையில் பரவிப் பள்ளமான இடத்தில் தேங்கும். குழித்தறி உள்ள வீடுகளில் நெசவாளர் கால் வைத்து மிதிக்கும் குழி இருக்கிறதே, அதுதான் வீட்டிலேயே தாழ்வான இடம். சமையலறையில் கசியும் கேஸ் கதவிடுக்கு வழியாக வந்து அந்தக் குழியில் நிற்கலாம். மேலே நிற்பவருக்கு வாடை குறைவாகவே தெரியும். 100 பங்கு காற்றில் சுமார் 2 முதல் 9 பங்கு வரை கேஸ் கலந்திருந்தால் ஒரு சின்னப் பொறி போதும், பற்றிக் கொள்ளும். ஆகவே தறிக்குழி உள்ள அறையில் சிலிண்டரை, காலி சிலிண்டராக இருந்தாலும், வைக்க வேண்டாம்.

2022 செப்டம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் தேவரியம்பாக்கத்தில் ஒரு கேஸ் கிடங்கில் ஏற்பட்ட தீயில் பலர் காயமடைந்தனர், உயிர்களும் போயின. வீட்டில் இருப்பது ஒரு சிலிண்டர்தான் என்றாலும் உள்ளே இருப்பது அதே கேஸ்தான்.

கம்ப்யூட்டரை எங்கே வைப்பது?

என் பெரியம்மா வீட்டில் டிசைன் வேலைக்காகக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். சமையலறை வாசலை ஒட்டித் தரையில் சி.பி.யு. பெட்டியும் யு.பி.எஸ்.சும் இருந்தன. அவற்றைத் தெருப்பக்க அறைக்கு மாற்றிக் கொண்டிருந்தபோது பெரியம்மா கேட்டார்: "கேஸ் வாடை வந்தா மொதல்ல கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிடணும், இல்லப்பா?"

"வேணாம் பெரியம்மா, அதைத் தொடவே கூடாது" என்றேன்.

பலரும் பெரியம்மாவைப் போலத்தான் நினைக்கிறார்கள். ஸ்விட்ச்சைப் போடும்போது மட்டும் அல்ல, அணைக்கும்போதும் உள்ளே சிறு பொறி வரும். பிளக்கைப் பிடுங்கினாலும் அப்படித்தான். யு.பி.எஸ்.சில் இன்னொரு விஷயமும் உண்டு. கரண்ட் போனதும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது உள்ளே இருக்கும் ரிலே பேட்டரிக்கு மாறும் சத்தம். அங்கேயும் பொறி வரலாம். அதாவது, மின்வெட்டு வந்தால் யாரும் தொடாமலே யு.பி.எஸ்.சில் ஒரு ஸ்விட்ச் மாறுகிறது. சி.பி.யு. பெட்டியைத் தரையில் வைத்தால், அதன் மின்விசிறி தரைமட்டக் காற்றையே உள்ளே இழுக்கும். கேஸ் பரவுவதும் அதே மட்டத்தில்தான்.

ஆகவே கம்ப்யூட்டர், யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் மூன்றையும் சமையலறையிலோ அதை ஒட்டியோ வைக்காதீர்கள். தறிக்குழியின் அருகிலும் வேண்டாம். சி.பி.யு. பெட்டியை மேஜை மேல் வையுங்கள்.

நான்கு தேதிகள்

1. ரப்பர் ஹோஸ்: ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பி வலை உள்ள சுரக்ஷா ஹோஸையே பயன்படுத்த வேண்டும். இதை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். ஹோஸ் மீது அச்சிட்டுள்ள ஆண்டு தயாரித்த ஆண்டா, மாற்ற வேண்டிய ஆண்டா என்று பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள்.

2. சிலிண்டர்: கைப்பிடிக்குக் கீழே உள்ள பட்டையின் உட்பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். பி-27 என்றிருந்தால் அந்த சிலிண்டரை 2027 ஜூனுக்குள் மறுசோதனை செய்ய வேண்டும் என்று பொருள். கேஸ் கெட்டுப் போகும் தேதி என்று சிலர் நினைப்பது சரியல்ல. இது இரும்பு உருளைக்கான கெடு. கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

3. வீட்டுச் சோதனை: கேஸ் வினியோகஸ்தரின் மெக்கானிக் 5 ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து இணைப்பு முழுவதையும் பார்க்க வேண்டும். வந்தவரிடம் அடையாள அட்டை கேட்டுப் பார்க்கலாம்.

4. சோப்பு நுரைச் சோதனை: இதை மாதம் ஒருமுறை நீங்களே செய்யலாம். ரெகுலேட்டரை ஆன் செய்து, அடுப்பின் குமிழ்களை மூடி வைத்து, ஹோஸின் இரு முனைகளிலும் ரெகுலேட்டரைச் சுற்றியும் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது கூடவே கூடாது.

பைலைத் தயாரிப்போம்

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். வழி ஏறத்தாழ ஒன்றுதான்.

1. புதிய பைலைத் திறந்து முதல் செல்லில் 'இன்று' என டைப் செய்யவும். பக்கத்து செல்லுக்குச் சென்று, கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி அரைப்புள்ளி (;) கீயை அழுத்தி என்டர் தட்டவும். இன்றைய தேதி வந்துவிடும். பைலைத் திறக்கும் போதெல்லாம் இந்த ஒரு செல்லில் மட்டும் இதை மீண்டும் செய்ய வேண்டும்.

2. மூன்றாவது வரியில் பொருள், தொடங்கிய தேதி, கெடு தேதி, மீதி நாள் என நான்கு தலைப்புகள் கொடுக்கவும்.

3. அடுத்த வரியில் 'ஹோஸ்' என்றும், பக்கத்தில் வாங்கிய தேதியையும் டைப் செய்யவும். உதாரணமாக 15-03-2024. தேதி செல்லின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் சரி. இடப்பக்கம் நின்றால் கம்ப்யூட்டர் அதைத் தேதியாக எடுத்துக் கொள்ளவில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் ரீஜன் பகுதியில் இந்தியா என மாற்றி, மீண்டும் டைப் செய்யவும்.

4. கெடு தேதி செல்லில் = போட்டு, தொடங்கிய தேதி செல்லை மவுஸால் க்ளிக் செய்து, +1826 என டைப் செய்து என்டர் தட்டவும். 15-03-2029 என வரும். 5 ஆண்டுக்கு 1825 நாள், லீப் ஆண்டுக்கு ஒரு நாள், ஆக 1826. தேதிக்குப் பதில் ஐந்து இலக்க எண் வந்தால் பயப்பட வேண்டாம். எக்ஸெல் 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்துக் கொண்டு எல்லாத் தேதியையும் நாள் கணக்காகவே சேமிக்கிறது. ஃபார்மட் செல்ஸ் சென்று டேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தேதியாகத் தெரியும்.

5. மீதி நாள் செல்லில் = போட்டு, கெடு தேதி செல்லை க்ளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, மேலே உள்ள இன்றைய தேதி செல்லை க்ளிக் செய்யவும். உடனே எஃப்4 கீயை ஒருமுறை அழுத்திய பிறகு என்டர் தட்டவும். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். எஃப்4 அழுத்துவதால், பார்முலாவைக் கீழே இழுத்தாலும் இன்றைய தேதி செல் நகராமல் நிற்கும். விடை தேதியாகத் தெரிந்தால் ஃபார்மட்டை நம்பர் என மாற்றவும்.

6. வீட்டுச் சோதனைக்கும் +1826 தான். சோப்பு நுரைச் சோதனைக்கு +30. சிலிண்டருக்குக் கூட்டல் வேண்டாம். பட்டையில் உள்ளபடி 30-06-2027 என நேராகக் கெடு தேதியிலேயே டைப் செய்யவும். புதிய சிலிண்டர் வந்ததும் இதை மாற்ற மறக்காதீர்கள்.

7. மீதி நாள் செல்லை அதன் வலது கீழ் மூலையில் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிகளுக்கும் கணக்கு வந்துவிடும். பிறகு கண்டிஷனல் ஃபார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் எனச் சென்று 15 என்று கொடுங்கள். 15 நாளுக்குக் குறைவாக இருப்பவை சிவப்பாகத் தெரியும்.

அடுப்பைப் பற்ற வைக்கும்போது

சிலிண்டர் நேராக நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில், மேடை மேல் இருக்க வேண்டும். காஞ்சிபுரம் இட்லி போல நெடுநேரம் வேக வேண்டியதை வைத்துவிட்டுத் தறிக்குப் போகாதீர்கள். பாத்திரத்துத் தண்ணீர் பொங்கி வழிந்தால் தீ அணையும். ஆனால் கேஸ் வந்து கொண்டே இருக்கும். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னரைச் சுத்தம் செய்யுங்கள். பிறகும் மாறாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேஸ் ஓவன் உள்ளவர்கள், இரட்டை ஓவன் ஆனாலும் சரி, ஓவன் கதவைத் திறந்து வைத்துக் கொண்டுதான் பற்ற வைக்க வேண்டும். ஒருமுறையில் பற்றாவிட்டால் குமிழை மூடிவிட்டு, கதவைத் திறந்தபடியே ஐந்து நிமிடம் காத்திருங்கள். குமிழைத் திறந்து வைத்துக் கொண்டு பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தால் உள்ளே கேஸ் சேரும். இரண்டு ஓவன் இருந்தால் ஒவ்வொன்றாகப் பற்ற வைத்து, இரண்டிலும் தீ எரிவதைக் கண்ணால் பாருங்கள். இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவது எல்லா வீட்டுக்கும் பொது.

கேஸ் வாடை வந்தால்

1. எரியும் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எல்லாவற்றையும் அணைக்கவும். ரெகுலேட்டரை மூடவும். முடிந்தால் அதைக் கழற்றி, சிலிண்டரோடு கட்டியிருக்கும் மூடியை வால்வில் அழுத்திப் பொருத்தவும்.

2. எந்த ஸ்விட்ச்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். லைட், ஃபேன், தறிக்கு மேலே தொங்கும் பல்பு, கம்ப்யூட்டர், யு.பி.எஸ். எதையும் தொடாதீர்கள். சேவ் செய்யாத பைல் போனால் போகட்டும்.

3. கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். தறிக்குழியில் யாராவது இருந்தால் முதலில் அவரை எழுப்புங்கள்.

4. மெயின் ஸ்விட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அணைக்கலாம். ஆனால் உள்ளே கேஸ் பரவிய இடத்தில் யு.பி.எஸ்.சோ இன்வெர்ட்டரோ இருந்தால், அணைத்ததும் அவற்றின் ரிலே மாறும் என்பதால் மெயினையும் தொட வேண்டாம்.

5. தெருவுக்கு வந்த பிறகு செல்போனில் 1906 என்ற எண்ணை அழையுங்கள். இது கேஸ் கசிவுக்கான 24 மணி நேர எண். தீப்பிடித்துவிட்டால் 101 அல்லது 112.

6. வாடை போய்விட்டது என்று நீங்களாகவே முடிவு செய்து உள்ளே போகாதீர்கள். குழியில் தேங்கிய கேஸ் எளிதில் போகாது. மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும்.

இந்த ஆறு வரிகளையும் 1906 என்ற எண்ணையும் டைப் செய்து, எழுத்தைப் பெரிதாக்கி, பிரின்ட் எடுத்துச் சமையலறைச் சுவரிலும் வாசல் கதவின் உட்பக்கத்திலும் ஒட்டிவிடுங்கள். கசிவு நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து தேட முடியாது. தேதிகள் எக்ஸெல்லில் இருக்கட்டும். இந்தத் தாள் சுவரில் இருக்கட்டும். இன்று மாலையே ஹோஸில் உள்ள ஆண்டைப் பார்த்து முதல் வரியை டைப் செய்துவிடுங்கள்.