இரண்டு பேர் ஏறும் படகு

பிள்ளை, நீ பழைய ஹோபி 16 இரட்டையுடல் பாய்ப்படகு ஒன்று வாங்கியிருக்கிறாய் என்றும், இந்தக் கோடையிலேயே நெதர்லாந்துக் கரையில் பந்தயத்துக்கு இறங்கப் போகிறாய் என்றும் உன் அம்மா சொன்னா. காற்றைப் பற்றிச் சொல்லித்தர அந்தக் கரையில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அந்தச் சின்னப் படகில் இன்னொருவரோடு ஒரு கோடை முழுவதும் எப்படி இருப்பது என்று சொல்லத்தான் நான் எழுதுகிறேன்.

1. முதலில் உன் படகின் குணத்தை அறிந்துகொள். அலைச்சறுக்குப் பலகை செய்து பேரெடுத்த கலிபோர்னியாக்காரர் ஹோபி ஆல்டர், மணலிலிருந்து நேரே அலைக்குள் தள்ளிவிடலாம் என்பதற்காகவே இதை வடிவமைத்தார். நீளம் ஐந்து மீட்டர், எடை சுமார் 145 கிலோ. அடியில் இறக்கும் பலகை எதுவும் இதற்கு இல்லை. வாழைப்பழம் போல வளைந்த அந்த இரண்டு உடல்களின் வடிவமே படகைப் பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் காற்றுக்கு எதிரே முகம் திருப்பும்போது பாதியில் நின்றுவிடப் பார்க்கும். சுக்கானை வெடுக்கென்று தள்ளினால் அதுவே தடையாகிவிடும். மெதுவாகத் திருப்பு. முன்பாயில் மறுபக்கக் காற்று விழுந்து படகின் முன்முனையான அணியத்தைத் தள்ளும்வரை அதன் கயிற்றை விடாதே. எனக்கு இதைப் பழக்கிய டச்சுக் கிழவர் அதிகம் பேசமாட்டார். நான் கயிற்றை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும் என் மணிக்கட்டின் மேல் தன் கையை வைத்துக்கொள்வார். அணியம் காற்றைக் கடந்த பிறகுதான் எடுப்பார். அந்தக் கையின் பாரம் எனக்கு இன்னும் தெரிகிறது.

2. பாய்மரத்தை நிமிர்த்துமுன் தலையை உயர்த்திப் பார். அது எட்டு மீட்டருக்கு மேல் உயரமுள்ள அலுமினியக் குழாய். மேலே மின்கம்பி போகும் இடத்தில் நிமிர்த்தி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். நிமிர்த்தின மரத்தோடு படகை உருட்டிக்கொண்டு போகும்போதும் இதே கவனம் வேண்டும்.

3. கூட்டாளியைத் தேடும்போது எடையைப் பார்ப்பார்கள். இந்தப் படகுக்கு இருவரும் சேர்ந்து குறைந்தது 129 கிலோவாவது இருக்க வேண்டும் என்று வகுப்பு விதி சொல்கிறது, அதனால் அதைப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு மேல், தோற்றுவிட்டு வந்த மாலையிலும் பக்கத்தில் இருந்து சாப்பிடக்கூடிய ஆளா என்று பார். ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்றவர் டிரபீஸ் கம்பியில் தொங்கியபடி தண்ணீருக்கு மேலே நிற்கிறார். சுக்கான் பிடிப்பவர் முன்னறிவிப்பு இல்லாமல் திருப்பினால் தொங்குகிறவர் கடலுக்குள் போவார். அவருடைய உடல் உன் கையில் இருக்கிறது என்பதை ஒரு நிமிடமும் மறவாதே. எது செய்யப் போகிறாய் என்பதை முன்கூட்டியே சொல், சின்னச் சொல்லாகச் சொல். கத்தாதே. காற்றில் சொல் போய்ச் சேராது, கோபம் மட்டும் போய்ச் சேரும். எங்கள் கரையில் ஒரு தம்பதி இருந்தார்கள். அவர்களைவிட வேகமான படகு அப்போது அங்கே இல்லை. அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் கத்துவார், அவள் பதில் பேசமாட்டாள். ஓகஸ்ட் வந்தபோது அவர் தனியாக மணலில் நின்று, யாராவது கூட வருவீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிழை நடந்தால் கரைக்கு வந்து, உடுப்பு மாற்றி, ஏதாவது சாப்பிட்ட பிறகு கதையுங்கள். உன் பிழையை முதலில் சொல்.

4. கவிழப் பழகு. நல்ல வெயில் நாளில், துணைப்படகு பக்கத்தில் நிற்கும்போது, வேண்டுமென்றே கவிழ்த்துப் பார். படகை விட்டு நீந்தாதே. அணியத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி, நிமிர்த்தும் கயிற்றை மேலே நிற்கும் படகுடலுக்கு மேலாக எடுத்து, இருவரும் அதைப் பிடித்துப் பின்னே சாயுங்கள். பாய்க்குள் காற்றுப் புகுந்ததும் மரம் எழும்பும். பலமான பக்கக் காற்றில் கீழ்க்காற்றுப் பக்கத்து அணியம் தண்ணீருக்குள் குத்தினால், படகு தலைக்குப்புறப் பாயும். குத்துமுன் இருவரும் பின்னால் போய்விடுங்கள். மே மாதத்தில் வடகடல் நீர் எலும்பைப் பிடிக்கும், நீருடுப்பில்லாமல் இறங்காதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று கூட்டாளியிடம் வாய்விட்டுச் சொல். சொல்லாத பயம்தான் கையை உறையவைக்கும்.

5. பாய்ப்படகுப் பந்தய விதிப் புத்தகத்தை வாங்கி முதல் விதியைப் படி. வழி விடுவதைப் பற்றியோ கோட்டைக் கடப்பதைப் பற்றியோ அது பேசவில்லை. ஆபத்தில் இருப்பவருக்கு உன்னால் இயன்ற உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் படகுப் பந்தயங்கள் பூசான் கடலில் நடந்தன. ஃபின் வகுப்பில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்த கனடாக்காரர் லோரன்ஸ் லெமியூ, வேறொரு பந்தயத்தில் கவிழ்ந்த சிங்கப்பூர் படகின் இருவர் தண்ணீரில் தத்தளிப்பதைக் கண்டார். தன் பாதையை விட்டு அவர்களிடம் போய்த் தூக்கி, மீட்புப்படகு வரும்வரை காத்திருந்தார். நடுவர்கள் அவருக்கு அந்த ஓட்டத்தின் இரண்டாம் இடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். உதவப் போய் இழந்த இடத்தைத் திருப்பித்தர விதியில் வழி இருக்கிறது. அப்படி ஒரு வழி இல்லாவிட்டாலும் நீ போக வேண்டும், பிள்ளை. கவிழ்ந்த படகைக் கடக்கும்போது இரண்டு தலைகள் தெரிகின்றனவா என்று எண்ணு. ஒன்றுதான் தெரிந்தால் பந்தயத்தை அந்த இடத்திலேயே விட்டுவிடு.

6. இன்னொரு படகுக்கு வழிவிடத் தவறினால் அபராதமாக இரண்டு சுற்றுச் சுற்று, மிதவையைத் தொட்டால் ஒன்று. யாரும் பார்க்கவில்லை என்றாலும் சுற்று. உன் கூட்டாளி பார்த்திருப்பார். சுற்றினால் எல்லாம் போய்விடும் என்று நினைக்காதே. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நாக்ரா 17 என்னும் இரட்டையுடல் படகில் தங்கம் வென்ற சாந்தியாகோ லாங்கேயும் சிசிலியா கர்ரன்சாவும் கடைசி ஓட்டத்தில் அபராதம் வாங்கினவர்கள்தான். லாங்கேக்கு அப்போது வயது 54. அதற்கு முந்தின ஆண்டுதான் நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்றிருந்தார். பின்னால் விழுந்த பிறகும் அமைதியாக ஓடுகிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்களைத் தேடிப் போய்ப் பழகு.

7. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நெற்களத்துக்குச் சொன்னது. கடலுக்கு அதைக் கொண்டுவராதே. இறங்க வேண்டாம் என்று இருவரில் ஒருவர் சொன்னால், அன்று இறங்குவதில்லை. காரணம் கேட்டுக் குடையாதே.

8. டெக்செல் தீவுக்குப் போ, ஆனால் இந்த வருடம் பார்க்கப் போ. அந்தத் தீவைச் சுற்றும், 1978இல் தொடங்கிய பந்தயம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஒரு பக்கம் வடகடலின் திறந்த அலை, மறுபக்கம் வற்றுநீரில் சேறும் மணலும் மேலே வரும் வாடன் கடல். தீவுக்கும் டென் ஹெல்டர் ஊருக்கும் இடையிலுள்ள மார்ஸ்டீப் நீரிணையில் வற்றும் பெருக்கும் ஆறாக ஓடும். காற்று எவ்வளவு நன்றாக இருந்தாலும், நீரோட்டத்தின் நேரம் தெரியாதவர் அங்கே நின்ற இடத்தில் நிற்பார். ஃபெரியில் இருபது நிமிடத்தில் அக்கரை போய்விடலாம். மணலில் படகுகளுக்கு இடையே நட. உடைந்த கொளுவிக்கு மாற்றுத் தேடி ஓடுகிறவருக்கு, தன் பெட்டியைத் திறந்து கொடுக்கிற போட்டியாளரைக் காண்பாய். நீ போகும் ஊருக்கெல்லாம் உன் பெட்டியிலும் மேலதிகமாகக் கயிறும் கொளுவியும் வைத்திரு, கேட்டவருக்குக் கொடு. டிரெய்லரின் விளக்கையும் பட்டியையும் புறப்படுமுன் ஒரு முறை, முதல் நிறுத்தத்தில் மறுமுறை பார்.

9. வீட்டை மறந்துவிடாதே. பந்தயக் கோடை சனி, ஞாயிறு எல்லாவற்றையும் கேட்கும், கொடுக்கக் கொடுக்க இன்னும் கேட்கும். நீ கடலில் நிற்கும் நேரம் உன் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர், சமைக்கிறவர், உன் ஈர உடுப்பு வாசலில் கிடந்து நாறுவதைப் பொறுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். பருவம் தொடங்குமுன் நாட்காட்டியை அவரோடு இருந்து பார். எந்த வார இறுதிகள் வீட்டுக்கு என்று முதலில் குறித்துவிட்டு, மிச்சத்தைப் பந்தயத்துக்கு எடு. கரை ஏறியதும் பாயைச் சுருட்டுமுன் வீட்டுக்கு ஒரு அழைப்பு எடு. எத்தனையாம் இடம் என்று சொல்லாமல், வந்துவிட்டேன் என்று சொல். நான் இதைப் பிந்தித்தான் படித்தேன். அதற்குள் என் வீட்டில் ஒருவர் ஜன்னலோரம் நின்று காற்றைக் கேட்டுக் கேட்டே பல கோடைகளைக் கழித்துவிட்டார்.

10. செப்டெம்பரில் படகை நல்ல தண்ணீரால் கழுவு. கொளுவி, கம்பி, இரண்டு உடல்களுக்கும் நடுவே விரித்த டிராம்போலினின் தையல் எல்லாவற்றிலும் உப்பு இருக்கும். பாயை நன்றாகக் காயவைத்து மடி. தேய்ந்தவற்றை எழுதிவைத்து, செலவை இருவரும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். அடுத்த ஆண்டும் சேர்ந்து ஓடலாமா என்று கூட்டாளியிடம் அப்போதே கேள். ஓம் என்றால், தேதிகள் வெளியானதும் அவருக்கும் அனுப்பு. அவரும் வேலையில் விடுப்பு எடுக்க வேண்டுமே.