நான்கு மலைச்சாலைகள், ஓர் அக்டோபர்

ஆகஸ்ட் பிறந்ததும் நண்பர்களிடமிருந்து இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். "அக்டோபர்ல பத்து நாள் கிடைக்கும். இலையெல்லாம் நிறம் மாறுறதைப் பார்க்கணும். கார் எடுத்துக்கிட்டு அவசரமில்லாமப் போகணும். எங்க போகலாம், சொல்லுங்க." கேட்பவர்களில் பாதிப் பேர் அமெரிக்காவில் பிள்ளைகளோடு ஆறு மாதம் தங்கப் போகும் பெற்றோர். மற்றவர்கள் காலாண்டு விடுமுறையோடு ஆயுதபூஜையையும் சேர்த்துக் குடும்பத்தோடு கிளம்ப நினைப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவந்ததை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

முதலில் இலையைப் பற்றிக் கொஞ்சம். கார், கூதிர், முன்பனி என்று ஆறு பருவம் பிரித்த நமக்கு இலை சிவக்கும் பருவம் என்று ஒன்று கிடையாது. முதுமலையில் தேக்கு இலை உதிர்ப்பது மாசி, பங்குனி வறட்சியில், தண்ணீரை மிச்சம் பிடிக்க. குளிர்நாடுகளில் மரத்துக்கு அறிகுறி பகல் குறைவதுதான். பகல் குறையக் குறைய மரம் புதிதாகப் பச்சையம் தயாரிப்பதை நிறுத்திக்கொள்கிறது. இருக்கும் பச்சை சிதைந்ததும், அதுவரை அடியில் மறைந்து கிடந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. இலைக்காம்பு அடைபடத் தொடங்கும்போது இலையில் தங்கிவிடும் சர்க்கரையிலிருந்து புதிதாக உருவாவது அது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் தொடர்ந்து வாய்த்தால் சிவப்பு கூடும்; மூடுமழையாக இருந்தால் மங்கும். மஞ்சள் எந்த ஆண்டும் ஏமாற்றாது. சிவப்பு அந்தந்த ஆண்டின் வானிலையைப் பொறுத்தது.

இதை இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. பயணத்தில் ஏமாந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். "உச்சம் அக்டோபர் 8" என்று எங்கோ படித்துவிட்டு, ஆறு மாதம் முன்பே அந்தத் தேதிக்கு விமானமும் விடுதியும் பதிவு செய்துவிடுகிறார்கள். நிறமோ அந்த ஆண்டு பத்து நாள் முந்தி வரும், அல்லது பிந்தி வரும். தேதியை நம்மால் பிடித்துவைக்க முடியாது. சாலையைத் தேர்ந்தெடுக்க முடியும். நிறம் மலையுச்சியில் தொடங்கிப் பள்ளத்தாக்குக்கு இறங்கும், வடக்கே தொடங்கித் தெற்கே நகரும். குறைந்த தொலைவுக்குள் நிறைய ஏறி இறங்கும் சாலையிலோ, வடக்கு தெற்காக நீளும் சாலையிலோ இருந்தால், எந்த நாளில் போனாலும் ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் எங்கேனும் நிறம் இருக்கும். சாலையை நான் அளப்பது முதலில் இதை வைத்துத்தான். அந்தச் சாலை நம்மை எவ்வளவு மெதுவாகப் போகவிடுகிறது, எந்தப் பக்கம் ஓட்ட வேண்டும், பொழுது எப்போது சாய்கிறது என்பவை அடுத்து வருகின்றன.

இந்த அளவுகோலில் முன்னால் நிற்பது அமெரிக்காவின் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே. வர்ஜீனியாவில் ஷெனன்டோவா தேசியப் பூங்காவின் தென்முனையில் தொடங்கி, வட கரோலினாவில் செரோக்கி ஊரருகே கிரேட் ஸ்மோக்கி மலைகளைத் தொடும்வரை 469 மைல், அதாவது சுமார் 755 கி.மீ. 1935இல் வேலை தொடங்கி 1987இல்தான் முழுவதும் முடிந்தது. கடைசியாக மிஞ்சியது கிராண்ட்ஃபாதர் மலையின் தோள். மலையை வெட்டாமல் அதன் ஓரமாக லின் கோவ் மேம்பாலத்தை வளைத்துக் கட்டிய பிறகே இரண்டு பக்கச் சாலையும் ஒன்று சேர்ந்தது. ஊரிலிருந்து ஊருக்கு விரைவாகப் போவதற்காகப் போட்ட சாலை இல்லை இது. பார்த்துக்கொண்டே போவதற்காகப் போட்டது. உச்ச வேகம் மணிக்கு 45 மைல், நம் கணக்கில் 72 கி.மீ. சரக்கு லாரிகளுக்கு அனுமதி இல்லை. விளம்பரப் பலகை ஒன்றுகூடக் கண்ணில் படாது. கட்டணமும் இல்லை. பின்னால் ஒலி எழுப்பி விரட்டுவார் யாரும் இல்லாததால், ஓட்டுகிறவரும் மலையைப் பார்க்க முடிகிறது.

இதன் பெரிய பலம் உயர வேறுபாடு. ஜேம்ஸ் ஆற்றைக் கடக்குமிடத்தில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர். ரிச்லண்ட் பால்சம் அருகே சுமார் 1,845 மீட்டர். அக்டோபர் முதல் வாரத்தில் உச்சியில் தொடங்கும் நிறம் கீழே இறங்கி முடிய நவம்பர் தொடக்கம் ஆகிவிடும். ஒரு மாதம் நீளும் பருவம் என்பதால் தேதிக் கவலை பாதி தீர்ந்துவிடுகிறது. அக்டோபர் நடுவில், வழியிலுள்ள ஆஷ்வில் ஊர்ப் பக்கம் இருட்ட ஏழு மணி நெருங்கிவிடும். வயதானவர்களோடு போகும்போது இந்த மாலை வெளிச்சத்தின் அருமை தெரியும். காலையில் அவர்களை அவசரப்படுத்த வேண்டியதில்லை.

தொடக்கத்திலிருந்து மைலுக்கு ஒரு கல் உண்டு; இடங்களை அந்த எண்ணாலேயே சொல்வார்கள். 176இல் மேப்ரி மில் என்ற பழைய மர ஆலை, 304இல் லின் கோவ் பாலம், 355இல் மிட்செல் மலைக்குத் திருப்பம். மிசிசிப்பிக்குக் கிழக்கே அதுதான் மிக உயர்ந்த சிகரம். உச்சிக்குப் பக்கம் வரை கார் போகும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களும் மேலே நிற்கலாம். 364இல் கிராகி கார்டன்ஸ். முழு நீளத்தையும் ஓட்டித் தீர்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஆஷ்வில்லில் நான்கு இரவு, பூன் அல்லது ப்ளோயிங் ராக் பக்கம் மூன்று இரவு. இரண்டே இடத்தில் பெட்டியைத் திறந்தால் போதும். ஒரு நாளைக்கு 150 கி.மீ.க்கு மேல் ஓட்டாதீர்கள். என் முதல் பயணத்தில் ஆறு இரவுக்கு ஐந்து விடுதி போட்டேன். அம்மா பாதி மலையைத் தூங்கிக்கொண்டே கடந்தார். அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. அதனால்தான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. பார்க்வேயில் பெட்ரோல் பங்க் கிடையாது; ஏறுவதற்கு முன் ஊரில் நிரப்பிக்கொள்ள வேண்டும். கைபேசிக் குறி பல இடத்தில் வராது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். மூடுபனி திடீரென வந்து மூடும். 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் வட கரோலினாப் பகுதியைக் கடுமையாகச் சிதைத்தது. மண்சரிவில் பல இடங்களில் சாலையே போய், நெடுநாள் மூடிக் கிடந்தது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதைத் தேசியப் பூங்காச் சேவை மைல் வாரியாக வெளியிடுகிறது. அதைப் பார்த்த பிறகு விடுதி பதிவு செய்யுங்கள். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இங்கே நிறம் பெரும்பாலும் மஞ்சளும் பொன்னும் செம்பழுப்பும்தான். ட்யூலிப் பாப்லர், ஹிக்கரி, ஓக் மரங்களின் காடு. ஆங்காங்கே சவர்வுட்டும் மேப்பிளும் சிவக்கும். மலை முழுக்கத் தீப்பிடித்ததுபோல் இருக்காது.

அந்தச் சிவப்புதான் வேண்டும் என்றால் வடக்கே வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் போக வேண்டும். சர்க்கரை மேப்பிள் வெர்மான்ட்டின் மாநில மரம். வசந்தத்தில் அதன் பாலை இறக்கி, நாற்பது லிட்டரை ஒரு லிட்டராகச் சுண்டக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். அதே மரம் அக்டோபரில் ஆரஞ்சும் செம்மையுமாக எரியும். கேமரா எதிலும் அது முழுதாக விழுவதில்லை. மாநிலத்தின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் 100ஆம் சாலை சுமார் 350 கி.மீ. பள்ளத்தாக்கிலேயே போவதால் உயர வேறுபாடு குறைவு. ஆனால் வடக்கே ஸ்டோ பக்கம் செப்டம்பர் இறுதியில் தொடங்கும் நிறம் தெற்கே வெஸ்டன் வர அக்டோபர் நடுவாகும் என்பதால், நிறத்தின் பின்னாலேயே தெற்கு நோக்கி இறங்கலாம். வெள்ளை மாதாகோயில், கூரையிட்ட மரப்பாலம், ஆப்பிள் தோட்டம் என்று ஊருக்கு ஊர் நிற்கச் சாக்கு கிடைக்கும். சாலையோர விளம்பரப் பலகைகளை வெர்மான்ட் 1968லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

பக்கத்து மாநிலத்தின் கங்காமேகஸ் நெடுஞ்சாலையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். லிங்கனிலிருந்து கான்வே வரை சுமார் 55 கி.மீ., வெள்ளை மலைகளின் காட்டுக்குள்ளேயே போகிறது. அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம்தான் பிரச்சினை. அக்டோபரின் இரண்டாம் திங்கள் அங்கே அரசு விடுமுறை. அதையொட்டிய மூன்று நாளும் பாஸ்டனிலிருந்து ஊரே கிளம்பி வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது அருவிக்கு அருவி வண்டி நிறுத்த இடமின்றி, இறங்காமலே கடந்து வந்தோம். இரண்டு நாள் கழித்து காலை எட்டு மணிக்கு அதே சாலையில் போனபோது ஸ்விஃப்ட் ஆற்றுப் பாறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. ஆகவே வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் என்றால் அந்த நீள்வாரத்தை விட்டுவிட்டு வார நாட்களில் போங்கள். விடுதி வாடகை இந்தச் சில வாரங்களில் எகிறும்; ஆறு மாதம் முன்பே பதிவு செய்யாவிட்டால் கிடைப்பதும் கடினம். நிறம் உச்சத்தில் நிற்பது ஓர் இடத்தில் ஒரு வாரம்தான். கிடைக்கும் பலன் பெரிது, தவறும் வாய்ப்பும் பெரிது. பாஸ்டனிலோ நியூ ஜெர்சியிலோ பிள்ளைகள் இருந்து, இரண்டு நாள் முன்கூட்டிச் சொன்னால் கிளம்ப முடியும் என்கிற பெற்றோருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. சென்னையிலிருந்து இதற்கென்றே பறப்பவருக்கு நான் தயங்கித்தான் சொல்வேன்.

அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது பலருக்குப் பயம். பழகாத கை தவறுவது போக்குவரத்து உள்ள நெடுஞ்சாலையில் அல்ல. அங்கே முன்னால் போகிற வண்டி வழி காட்டிவிடும். காலையில் காலியான தெருவில், பங்கிலிருந்தோ விடுதியிலிருந்தோ வெளியே திரும்பும் அந்த ஒரு கணத்தில்தான் தவறுகிறது. பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் "வலது" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். பார்க்வேயில் சந்திப்புகள் மிகக் குறைவு என்பதால் அங்கே பழகுவது எளிது.

அந்தப் பயமே வேண்டாம் என்பவர்கள் ஜப்பானைப் பாருங்கள். நம்மைப் போலவே இடப்பக்கம், வலக்கைப் பக்கம் ஸ்டீயரிங். டோக்கியோவிலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் நிக்கோ. அங்கிருந்து சுசென்ஜி ஏரிக்கு ஏறும் இரோஹாசாகா சாலையில் 48 வளைவுகள். பழைய ஜப்பானிய எழுத்துவரிசையின் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு வளைவுக்குப் பெயர். ஏற ஒரு சாலை, இறங்க வேறு சாலை, இரண்டும் ஒருவழி. எதிரே பேருந்து வராது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டியவருக்கு இது ஓய்வு. இங்கும் நிறம் படிப்படியாக இறங்கும்: மேலே யூமோத்தோவிலும் சென்ஜோகஹாரா சதுப்பிலும் அக்டோபர் தொடக்கத்தில், ஏரிக்கரையில் அக்டோபர் பின்பாதியில், கோயில்கள் உள்ள ஊரில் நவம்பரில். வார இறுதிகளில் மட்டும் இந்த வளைவுகளில் மணிக்கணக்கில் வண்டிகள் நின்றுவிடும். கீழேயிருந்து தினமும் ஏறாமல், மேலே ஏரிக்கரையில் தங்கிவிடுவதே வழி.

அமைதிதான் முக்கியம் என்றால் நிக்கோவையும் தாண்டி வடக்கே தோஹோக்கு. புல்லட் ரயிலில் மோரியோகா போய் அங்கே கார் எடுங்கள். ஹச்சிமந்தாய் மலைச்சாலையில் செப்டம்பர் இறுதியிலேயே நிறம் வந்துவிடும். தோவாதா ஏரியிலும், அதிலிருந்து இறங்கும் ஓய்ராசே ஓடையிலும் அக்டோபர் பின்பாதி. ஓடையை ஒட்டியே 14 கி.மீ. சாலையும் நடைபாதையும் போகின்றன. அங்கே காரை நிறுத்திவிட்டு நடப்பதுதான் பயணம். சாலையோரத்தில் மிச்சி-நோ-எக்கி என்ற ஓய்வுநிலையங்கள்: சுத்தமான கழிப்பறை, உள்ளூர் விவசாயிகளின் ஆப்பிள், சூடான சோறு. மாலையில் வெந்நீர் ஊற்றுக் குளியல். கவனிக்க வேண்டியவை இரண்டு. அக்டோபர் கடைசியில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், காலையிலேயே கிளம்புங்கள். சைவர்களுக்குச் சாப்பாடு சிரமம். காய்கறிக் குழம்பிலும் மீன்சாறு இருக்கும். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கையோடு இருக்கட்டும், சோறு எங்கும் கிடைக்கும்.

ஸ்காட்லாந்தும் இடப்பக்கம்தான். ஆனால் எல்லாரும் சொல்லும் நார்த் கோஸ்ட் 500 சுற்றை இலைக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். 516 மைல் நீளும் அந்தச் சுற்றில் பெரும்பகுதி மரமற்ற கடலோரம், பல இடங்களில் ஒற்றைத்தடச் சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் பார்த்து நிற்க வேண்டும். பிட்லோக்ரியில் நான்கு நாள் தங்கி, டம்மல் ஏரி, டன்கெல்டின் ஹெர்மிட்டேஜ் காடு என்று சுற்றினால் பீச்சும் பிர்ச்சும் பொன்னாக நிற்கும். அக்டோபரில் கலைமான்கள் துணைக்குப் போட்டியிட்டுக் கத்தும் ஒலி மலையெங்கும் கேட்கும். மழைக்கு மனம் ஒப்பியவருக்கே இது.

என் பரிந்துரை இது. பெற்றோரோடு முதல் முறை போகிறவர்கள் ப்ளூ ரிட்ஜ், அக்டோபர் இரண்டாம் வாரத்துக்கு மேல். இடப்பக்கமே ஓட்ட விரும்பும் இருவர் தோஹோக்கு. காலாண்டு விடுமுறையை ஒட்டித்தான் முடியும் என்கிற குடும்பத்துக்கு ஹச்சிமந்தாய். மற்ற இடங்களில் அப்போது பச்சையே மிகுதி, வடக்கு வெர்மான்ட் மட்டும் விலக்கு.

சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டை நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஓராண்டு செல்லும். ஜப்பானில் அது இல்லாமல் ஓட்ட முடியாது. பிரிட்டனில் வாடகைக் கார் பெரும்பாலும் கியர் வண்டி, ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் பதிவின்போதே கேட்க வேண்டும். பத்து நாளில் இரண்டு நாளுக்கு எந்தத் திட்டமும் போடாதீர்கள். முந்தின நாள் மாலை விடுதிக்காரரிடம் "எந்த உயரத்தில் இப்போது நன்றாக இருக்கிறது?" என்று கேளுங்கள். மறுநாள் காலை அந்த உயரத்துக்குப் போங்கள். மடக்கு நாற்காலி இரண்டும் ஒரு பிளாஸ்க் காப்பியும் டிக்கியில் இருக்கட்டும்.