தோல்வி என்னும் ஆசான்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்பர் பெரியோர். சறுக்கிய பின் யானை அடுத்த அடியை எங்கே வைக்கிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. தற்காப்புக் கலை பயில்வோருக்கு இது மிகவும் பொருந்தும்.

சென்ற ஆண்டு நாங்கள் அறுவர் சிலம்பப் போட்டிக்குச் சென்றோம். முதல் சுற்றிலேயே அறுவரும் தோற்றோம். திரும்பும் பேருந்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தொலைவில் நம் திருவண்ணாமலை மலை தெரிந்தபோது, “இனிக் கம்பைத் தொடமாட்டேன்” என்று ஒருத்தி அழுதாள்.

மறுநாள் உடற்பயிற்சி ஆசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்து, “எதிரியின் கம்பு உங்கள் உடலில் எங்கெங்கே பட்டது? எழுதுங்கள்” என்றார். எழுதிப் பார்த்தால், நால்வருக்கு இடது தோளிலேயே அடி! கம்பைச் சுழற்றி முடிக்கும் நொடியில் எங்கள் இடப்பக்கம் காவலின்றிக் கிடந்திருக்கிறது. வென்றிருந்தால் இக்குறையை நாங்கள் அறிந்திருக்கவே மாட்டோம்.

பிறகு ஆசிரியை வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவியின் வரலாற்றைக் கூறினார். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த இவர், 2004-இல் பள்ளியில் இக்கலையைக் கற்கத் தொடங்கினார். வாள் விலை மிகுந்தது. ஆகவே பயிற்சிக்கு மூங்கில் குச்சி, போட்டிக்கு மட்டுமே வாள். 14 வயதில் முதல் வெளிநாட்டுப் போட்டிக்காகத் துருக்கி சென்றார். மூன்று நிமிடம் தாமதமாக வந்ததால் கறுப்பு அட்டை காட்டி விலக்கிவிட்டனர். அத்துடன் அவர் வாளைக் கீழே வைத்துவிடவில்லை. ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் ஆனார்.

அவர் ஆடுவது ‘சேபர்’ என்னும் வாள் வகை. முதலில் 15 புள்ளி பெறுபவருக்கே வெற்றி. ஒருவர் 8 புள்ளி எட்டியதும் சிறு இடைவேளை உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 26 அன்று, முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாடியா பென் அசீசியை 15-3 என வென்றார். அடுத்து எதிர்ப்பட்டவர் பிரான்சின் மனோன் புரூனே. இடைவேளையின்போது 2-8 எனப் பின்தங்கியிருந்தார். முடிவில் 7-15 எனத் தோற்றார். இயன்றவரை போராடியும் வெல்ல முடியவில்லை என்று நாட்டு மக்களிடம் வருத்தமும் தெரிவித்தார்.

ஆனால் கணக்கை ஊன்றிப் பாருங்கள். முன்பாதியில் 2-க்கு 8. பின்பாதியில் 5-க்கு 7. ஆட்டம் கைநழுவிக் கொண்டிருந்தபோதும் அவர் கற்றுக்கொண்டேயிருந்தார் அல்லவா? ஈராண்டுகளுக்குப் பின், 2023 ஜூனில், சீனாவின் வூசி நகரில் ஆசியப் போட்டி நடந்தது. தம்மை முன்பு தோற்கடித்திருந்த உலகச் சாம்பியன் ஜப்பானின் மிசாகி எமுராவைக் காலிறுதியில் 15-10 என வீழ்த்தினார். அரையிறுதியில் 14-15 என ஒரே புள்ளியில் தோற்றாலும், வெண்கலம் அவருக்குக் கிட்டியது. ஆசிய வாள்வீச்சுப் போட்டியில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது!

இதிலிருந்து நாம் அறிவது யாது? தோல்வி தானாக எவரையும் வளர்ப்பதில்லை. அழுதுவிட்டு மறந்தால் அது வெறும் தோல்வி. நடுவரையும் விதியையும் குறை கூறினாலும் பயனில்லை. ‘அடி எங்கே பட்டது?’ என்று அஞ்சாமல் ஆராய்பவருக்கே அது ஆசானாகிறது. தேர்வில் மதிப்பெண் குறைந்த விடைத்தாளையும் நாம் இப்படித்தான் திருப்பிப் பார்க்க வேண்டும். மறைத்து வைத்த விடைத்தாள் எதையும் கற்பிக்காது.

இவ்வாண்டும் நாங்கள் போட்டிக்குச் சென்றோம். கோப்பை கிடைக்கவில்லை, இருவர் மட்டும் இரண்டாம் சுற்றை எட்டினர். அவ்விருவரில் ஒருத்தி, அன்று பேருந்தில் அழுதவள். இப்போது எங்கள் அனைவருக்கும் முன்பாக மைதானத்துக்கு வந்து நிற்பவளும் அவளே!