கண்ணயராக் காவல்

நுழையும்முன்
எரிபொருள் நிலையத்தில் வரிசையில் நின்று நிரப்பிய ஆற்றலை, இன்று மக்கள் தம் வீட்டு வாசலிலேயே நிரப்பிக்கொள்கின்றனர். மின்வண்டி தந்த வசதி இது. வசதி வாசலுக்கு வரும்போது, அதனுடன் சேர்ந்து வரும் ஆபத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். மின்கசிவிலிருந்து உயிரைக் காக்கும் கருவியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வரவும் செலவும்
வீட்டு மின்பலகையில் உள்ள எம்.சி.பி. கம்பிகளைக் காக்கிறது, மனிதரைக் காப்பதன்று. 16 ஆம்பியர் எம்.சி.பி., அந்த அளவைக் கடந்த மின்னோட்டம் பாய்ந்தால்தான் இணைப்பைத் துண்டிக்கும். ஆனால், மனித உடல் வழியாக 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சற்று நேரம் பாய்ந்தாலே இதயத்துடிப்பு குலையக்கூடும். 16 ஆம்பியர் என்பது அதைப்போல் ஐந்நூறு மடங்கிற்கும் மேலானது. மனிதர் மயங்கி விழுந்தாலும் எம்.சி.பி. அசையாது.

இக்குறையை நிறைவு செய்வது ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு மின்னோட்டத் துண்டிப்பான். அதனுள் வளைய வடிவக் காந்த உள்ளகம் ஒன்று இருக்கும். மின்சாரம் செல்லும் கம்பியும் திரும்பும் நடுநிலைக் கம்பியும் அதனூடே செல்லும். சென்றதும் திரும்பியதும் சமமாயின், இரண்டின் காந்த விளைவுகளும் ஒன்றையொன்று நீக்கிவிடும். சென்றதில் ஒரு பகுதி மனித உடல் வழியாகவோ ஈரத் தரை வழியாகவோ நிலத்தை அடைந்தால் கணக்கு பொருந்தாது. அவ்வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டியதும் 0.3 நொடிக்குள் இணைப்பு துண்டிக்கப்படும். 150 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.04 நொடியே போதும்.

காவலின் கண் மறைதல்
வீட்டிற்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். வண்டியின் மின்கலம் ஏற்பதோ நேர்த்திசை மின்னோட்டம். இம்மாற்றத்தை வண்டிக்குள் உள்ள மின்னேற்றி செய்கிறது. அங்குக் காப்பு பழுதுபட்டால், ஏற்ற இறக்கமற்ற நேர்த்திசை மின்னோட்டம் நிலத்திற்குக் கசியலாம். மாறாத மின்னோட்டம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டாது. ஆகவே, சாதாரணக் கருவி அதனை உணர்வதில்லை. அதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. அம்மின்னோட்டம் காந்த உள்ளகத்தைத் தெவிட்டச் செய்துவிடும். அதன்பின் உண்மையான மாறுதிசைக் கசிவு ஏற்பட்டாலும் கருவி இயங்காமல் போகலாம்.

எடுத்துக்காட்டாக, அடுக்ககம் ஒன்றைக் கருதுவோம். குடியிருப்பவர் ஒருவர், தம் வீட்டின் பழைய ஆர்.சி.சி.பி.யிலிருந்தே தரைத்தள மின்னேற்றிக்கு இணைப்புக் கொடுக்குமாறு கேட்கிறார். “புதிய கருவிக்கு வீண்செலவு எதற்கு?” என்பது அவர் கேள்வி. மின்பணியாளர் மறுக்கிறார். “ஐயா, வண்டியில் கசிவு ஏற்பட்டால், உங்கள் குளியலறை வெந்நீர்க் கருவிக்கும் காவல் இல்லாமல் போய்விடும்” என்கிறார். வண்டி நிற்பது தரைத்தளத்தில். உயிர் போகும் ஆபத்து நான்காம் தளத்துக் குளியலறையில். இதுவே பலர் அறியாத உண்மை.

நான்கு வகைகள்
‘ஏசி’ வகை, சீரான மாறுதிசைக் கசிவை மட்டுமே உணரும். ‘ஏ’ வகை, துடிப்பு நேர்த்திசைக் கசிவையும் உணரும். 6 மில்லி ஆம்பியர் வரை சீரான நேர்த்திசை மின்னோட்டம் கலந்தாலும் தன் பணியில் தவறாது. ‘எஃப்’ வகை, பல அதிர்வெண்கள் கலந்த கசிவையும் உணரும். அதன் தாங்குதிறன் 10 மில்லி ஆம்பியர். ‘பி’ வகை, சீரான நேர்த்திசைக் கசிவையும் உணர்ந்து துண்டிக்கும். இதன் விலை மற்றவற்றினும் பன்மடங்கு மிகுதி.

தேர்ந்தெடுக்கும் முறை
மின்னேற்றியின் கையேட்டை முதலில் படித்தல் வேண்டும். 6 மில்லி ஆம்பியர் நேர்த்திசைக் கசிவை உணர்ந்து துண்டிக்கும் அமைப்பு மின்னேற்றியிலேயே இருப்பின், அதற்கு முன் ‘ஏ’ வகை போதும். அவ்வமைப்பு இல்லையெனில் ‘பி’ வகையே தக்கது. ‘ஏசி’ வகை எந்நிலையிலும் பொருந்தாது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் மின்வண்டி இணைப்பிற்கு 30 மில்லி ஆம்பியரை மிகாத, ‘ஏ’ வகைக்குக் குறையாத, நடுநிலைக் கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கும் கருவியை வலியுறுத்துகின்றன.

ஒவ்வொரு மின்னேற்றிக்கும் தனிக்கருவி தேவை. பல மின்னேற்றிகளின் இயல்பான சிறு கசிவுகள் ஒன்றுசேர்ந்தால், பழுதில்லாத போதும் பொதுக்கருவி துண்டித்துவிடும். மேலும், 30 மில்லி ஆம்பியர் ‘பி’ வகைக் கருவி 60 மில்லி ஆம்பியர் வரை நேர்த்திசைக் கசிவு பாய்ந்த பின்னரே துண்டிக்கக்கூடும். எனவே, அதற்கு முன்னால் ‘ஏ’ வகைக் கருவி இருப்பின் அது செயலிழக்கலாம். ‘பி’ வகைக்குரிய இணைப்பை, வீட்டுக் கருவிக்கு முன்பே தனியாகப் பிரித்தல் வேண்டும். அடுக்ககத்து மின்பணியாளர் வேண்டியதும் இதுவே.

காவலுக்குத் துணை
ஆர்.சி.சி.பி. இருப்பதால் நிலத்தொடர்புக் கம்பி வேண்டா எனக் கருதுதல் தவறு. இரண்டும் சேர்ந்ததே பாதுகாப்பு. கருவி அடிக்கடி துண்டித்தால் காரணத்தைக் கண்டறிதல் வேண்டும். கருவியை நீக்கிவிட்டு நேரடி இணைப்புக் கொடுப்பது உயிரோடு விளையாடுவதாகும். மின்னேற்றக் கம்பியை நீட்டிப்புக் கம்பியில் இணைத்தலும் கூடாது. தேர்ந்தெடுப்பவர் கருவியின் விலையோடு, அது காக்கும் உயிரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்
கருவியின் முகப்பிலுள்ள குறியீடே அதன் வகையைக் காட்டும். கட்டத்துள் அலைக்கோடு மட்டும் இருப்பின் ‘ஏசி’ வகை. அதன்கீழ் அரைஅலைத் துடிப்பும் இருப்பின் ‘ஏ’ வகை. ‘பி’ வகையில் நேர்க்கோடும் அதன்கீழ்ப் புள்ளிக்கோடும் கூடுதலாக இருக்கும்.

கற்பவை கற்றபின்
1. உங்கள் வீட்டு மின்பலகையில் ஆர்.சி.சி.பி. உள்ளதா? பெரியவர் துணையுடன், எதனையும் தொடாமல், அதன் முகப்புக் குறியீட்டைப் பார்த்து வகையை எழுதுக.
2. அடுக்ககக் குடியிருப்பவருக்கும் மின்பணியாளருக்கும் இடையிலான உரையாடலை விரித்து எழுதி, வகுப்பில் நடித்துக் காட்டுக.