எந்த முனியாண்டி? லினக்ஸ் மின்னஞ்சல் வழங்கியில் பயனர் பெயரும் களப்பெயரும்

கேமரன் மலையில் 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்திலோ, சுங்கை பலாஸ், ஃபேர்லி தோட்டங்களிலோ லயத்துப் பக்கம் போய் "முனியாண்டி வீடு எது?" என்று கேட்டால், "எந்த முனியாண்டி?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். தகப்பன் பெயரைச் சொல்ல வேண்டும். அதுவும் ஒன்றாக இருந்துவிட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். மின்னஞ்சல் முகவரியும் இதே ஏற்பாடுதான். 1971இல் ரே டாம்லின்சன், ஆளின் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் இடையில் @ குறியை வைத்தார். இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் தோட்டம்.

லினக்ஸ் கணினியின் சாதாரணப் பயனர் கணக்கில் இந்த வலப்பக்கம் கிடையாது. ஒரு கணினிக்கு ஒரே முனியாண்டிதான். இரண்டாமவரைச் சேர்க்கப்போனால் மறுத்துவிடும். பலாஸ், ஃபேர்லி என்று இரண்டு களங்களை ஒரே வழங்கியில் வைத்திருப்பதாகக் கொள்வோம். போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளின் 'மைடெஸ்டினேஷன்' வரியில் இரண்டையும் எழுதிவிட்டால், அது வலப்பக்கத்தைப் பார்த்து ஏற்றுக்கொண்டு, பிறகு இடப்பக்கத்தை மட்டும் வைத்துக் கடிதத்தைப் போடும். பலாஸ் முனியாண்டிக்கு வந்த பல்கலைக்கழக நேர்காணல் கடிதம் ஃபேர்லி முனியாண்டியின் பெட்டியில் விழும். பிழைச்செய்தி எதுவும் வராது. அதுதான் ஆபத்து.

இதற்கு மாற்று, மெய்நிகர் அஞ்சல் பெட்டிகள். களப்பெயர்களை 'வெர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ்' வரிக்கு மாற்ற வேண்டும். 'மைடெஸ்டினேஷன்' வரியிலிருந்து நீக்கவும் வேண்டும். இரண்டிலும் ஒரே களத்தை வைத்திருப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. கடிதங்களை வாசிக்கத் தரும் டவ்காட்டில், களத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் பயனருக்கு ஒரு கோப்புறை என்று அமைக்கலாம். எல்லாப் பெட்டிகளுக்கும் கணினியில் ஒரே ஒரு பயனர்தான் உரிமையாளர். (2025இல் வந்த டவ்காட் 2.4 முதல் அமைவுக் கோப்பின் எழுத்துமுறை மாறிவிட்டது. பழைய பாடங்களிலிருந்து எடுத்து ஒட்டினால் ஓடாது.)

இனி உள்நுழைவு. முழு முகவரியையும் தட்டச்சு செய்யச் சொன்னால் பயனர்கள் முணுமுணுப்பார்கள். அவர்களுக்காக டவ்காட் அமைவில் ஒரு வரி உண்டு: களப்பெயர் இல்லாமல் வருபவருக்கு அது ஒரு களத்தைத் தானே சேர்த்துவிடும். ஒரே களம் என்றால் வசதிதான். இரண்டு களங்களில், பலாஸ் என்று அதில் எழுதியிருக்க, ஃபேர்லி முனியாண்டி வெறும் பெயரோடு நுழைந்தால், வழங்கி அவரைப் பலாஸ் முனியாண்டியாகவே பார்க்கும். பெரும்பாலும் கடவுச்சொல் பொருந்தாமல் வெளியே நிற்பார். ஆனால் நம் பொறுப்பாளர்கள் எல்லாருக்கும் ஒரே தொடக்கக் கடவுச்சொல்லைக் கொடுக்கும் பழக்கமுடையவர்கள் ஆயிற்றே! கதவு திறந்துவிடும், அடுத்தவர் பெட்டி கண்முன் விரியும். முணுமுணுப்பே மேல் என்பது என் கருத்து.

நம் பெயர்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. அடையாள அட்டையில் உள்ள 'ஏ/எல்', 'ஏ/பி' இரண்டையும் பயனர் பெயரில் சேர்க்கக் கூடாது. சாய்கோடு லினக்ஸில் கோப்புறைகளைப் பிரிக்கும் குறி. டவ்காட் இயல்பாக அனுமதிக்கும் எழுத்துகளிலும் அது இல்லை. புள்ளி வைத்துத் தகப்பன் பெயரைச் சேர்க்கலாம். அடுத்தது எழுத்துக்கூட்டல். கிராணி எழுதியபடி பதிவான லெட்சுமி ரோமன் எழுத்தில் நான்கைந்து விதமாக வருவார். அதிகாரபூர்வ எழுத்துக்கூட்டலில் ஒரு பெட்டி திறந்து, மற்றவற்றைப் போஸ்ட்ஃபிக்ஸின் மாற்றுப்பெயர்ப் பட்டியலில் அதே பெட்டிக்குத் திருப்பிவிட்டால், எழுத்து மாறிப்போன கடிதமும் வந்து சேரும். கைப்பேசி தானாகப் போடும் பெரிய எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். டவ்காட் அதைச் சிறியதாக்கிக்கொள்ளும்.

பயனர்களிடம் ஒப்படைக்குமுன் 'டவ்அட்ம் ஆத் டெஸ்ட்' கட்டளையால் இரண்டு முனியாண்டிகளையும் தனித்தனிக் கடவுச்சொல்லோடு சோதியுங்கள். பிறகு கடவுச்சொற்களை மாற்றிப் போட்டும் பாருங்கள். இரண்டு முறையும் மறுக்க வேண்டும். கடைசியாக, களப்பெயர் இல்லாமல் ஒருமுறை.