எலும்பு அறுவைக்கு முன்: கால்நடை மருத்துவத்தில் கருவித் தூய்மை

அறுவை மருத்துவம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவர் கத்தியேந்திய மருத்துவரே. அவர் கையிலுள்ள கருவி எத்தனை கைகளைக் கடந்து வந்தது, எத்துணை வெப்பத்தில் எவ்வளவு நேரம் கிடந்து வந்தது என்பனவற்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் எலும்பு அறுவையின் வெற்றியில் பெரும்பங்கு, மருத்துவர் கையுறை அணிவதற்கு முன்னரே, கருவிகள் கழுவப்படும் அறையில் முடிவாகி விடுகிறது. அவ்வறையில் நடைபெறும் பணியை, கால்நடை எலும்பு மருத்துவத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

"கால்நடை மருத்துவம் நமக்கெதற்கு?" என்று சிலர் வினவலாம். முனிர்காவில் வாழும் நமக்கு இவ்வினா எழலாகாது. ஒருபுறம் வெளிவட்டச் சாலையில் இரவும் பகலும் வண்டிகள் விரைகின்றன. மறுபுறம் ஊரின் குறுகிய சந்துகளில் நாய்கள் நம்மோடு இடத்தைப் பகிர்ந்து வாழ்கின்றன. கால் முறிந்த நாயொன்று மற்ற மூன்று கால்களால் நொண்டிச் செல்வதைக் காணாதவர் நம்முள் அரியர். வாயில்லா உயிர் தன் வலியைச் சொல்லாது. புண் சீழ் பிடித்தாலும் சொல்லாது. ஆதலால் சீழ் பிடிக்காமற் காப்பதே அதற்கு நாம் செய்யும் முதல் மருத்துவம்.

தமிழ்நாட்டில் இத்துறை பழமையானது. 1903ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, பின்னர் வேப்பேரிக்கு இடம்பெயர்ந்து இன்றும் சிறப்புற இயங்குகிறது. 1989ஆம் ஆண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தோன்றியபோது அக்கல்லூரி அதன் உறுப்பாயிற்று. முறிந்த எலும்பைத் தகடும் திருகாணியும் கொண்டு இணைக்கும் முறையை ஒழுங்குபடுத்த, 1958ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் ஒரு மருத்துவர் குழு அமைந்தது. அம்முறை விரைவில் விலங்கு மருத்துவத்திலும் புகுந்தது. அதனோடு, கருவித் தூய்மை பற்றிய கடுமையும் உடன்புகுந்தது.

அக்கடுமைக்குக் காரணம் யாது? தோலில் ஏற்படும் புண்ணைவிட எலும்பில் ஏற்படும் புண் ஏன் அஞ்சத்தக்கது?

எலும்பு அறுவையில் நாம் உடலுக்குள் ஓர் அயற்பொருளை விட்டு வருகிறோம். தகடு, திருகாணி, கம்பி ஆகியன திங்கட்கணக்கில், சிலபோது வாழ்நாள் முழுவதும் உள்ளேயே தங்கும். இரத்தவோட்டம் தசையைச் சென்றடையும், எஃகைச் சென்றடையாது. எஃகின்மேல் ஒட்டிய நுண்ணுயிர்கள் தம்மைச் சுற்றிப் பசைபோன்ற படலத்தை அமைத்துக்கொள்கின்றன. அப்படலத்தினுள் வெள்ளணுக்களும் எளிதில் நுழைவதில்லை. மருந்தும் முழுமையாக வேலை செய்வதில்லை. 1957ஆம் ஆண்டு எலெக், கோனென் என்னும் ஆய்வாளர் இருவர் மனிதத் தோலில் ஓர் ஆய்வு செய்தனர். வெறுந்தோலில் சீழ்க்கட்டி உண்டாக்கப் பல இலட்சம் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகள் வேண்டியிருந்தன. அதே இடத்தில் ஒரு தையல் நூல் இருந்தபோதோ, சில நூறு கிருமிகளே போதுமாயின. ஒரு நூலுக்கே இந்நிலை என்றால், ஆறு திருகாணிகளும் ஒரு தகடும் இருக்குமிடத்தில் எவ்வளவு விழிப்பு வேண்டும் என்பதை நீங்களே உய்த்துணரலாம்.

இனிக் கருவிகளைப் பார்ப்போம். எலும்புறையைப் பிரித்தெடுக்கும் தட்டையான உளி, முறிந்த துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் கிடுக்கி, எலும்பு வெட்டி, சுரண்டி, கம்பி முறுக்கி, துளையிடும் எந்திரமும் அதன் ஊசியும், துளையின் ஆழம் அளக்கும் கோல், துளையில் மறை வெட்டும் கருவி, திருகுளி ஆகியன இன்றியமையாதவை. இவை ஒன்றோடொன்று பிணைந்தவை. 3.5 மில்லிமீட்டர் திருகாணிக்கு 2.5 மில்லிமீட்டர் துளையூசி வேண்டும், 2.7 மில்லிமீட்டர் திருகாணிக்கு 2.0 மில்லிமீட்டர் ஊசி வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெட்டி முழுவதும் பயனற்றதாகும். விலங்கு மயக்கத்தில் கிடக்க, மருத்துவர் கைபிசைந்து நிற்க நேரும்.

இக்கருவிகளை ஆயத்தம் செய்யும் பணியை ஆறு படிகளாகப் பகுக்கலாம்.

முதற்படி, உலர விடாமை. முந்தைய அறுவை முடிந்த அந்நொடியே அடுத்த அறுவைக்கான ஆயத்தம் தொடங்குகிறது. குருதி உலர்ந்து இறுகினால் பின்னர் எளிதில் நீங்காது. எனவே கருவிகளை ஈரத்துணியால் துடைத்து, ஈரமாகவே கழுவறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதற்கு உப்புநீரைப் பயன்படுத்தலாகாது. துருவேறா எஃகைக் காப்பது அதன்மேல் படிந்துள்ள மிக மெல்லிய குரோமிய ஆக்சைடு உறை. உப்பிலுள்ள குளோரைடு அவ்வுறையைத் துளைத்து ஊசிமுனையளவு குழிகளை உண்டாக்கும். அக்குழிகளே கிருமிகளின் குடியிருப்பு. வெளுப்பு நீரும் இவ்வாறே கேடு செய்யும்.

இரண்டாம் படி, கழுவுதல். முதலில் குளிர்ந்த நீர், கொதிநீர் கூடாது. முட்டை வெந்நீரில் உறைவதுபோலக் குருதியின் புரதமும் வெப்பத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பின்னர்ப் புரதத்தைச் சிதைக்கும் நொதி கலந்த கரைசலில் ஊறவைக்க வேண்டும். கீல் உள்ள ஒவ்வொரு கருவியையும் விரித்து, கழற்றக்கூடியவற்றைக் கழற்றி, நீருக்கு அடியில் வைத்தே தூரிகையால் தேய்க்க வேண்டும். நீருக்கு வெளியே தேய்த்தால் துளிகள் தெறித்து ஊழியரின் கண்ணையும் வாயையும் அடையும். துளையூசியின் சுருள் பள்ளங்களிலும் குழாய்களின் உட்புறத்திலும் எலும்புத்தூள் தங்கும். அவற்றுக்கெனத் தனிச் சிறு தூரிகை வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளைத் தூய்மையாக்க, செவிக்கெட்டாத ஒலியலைகளை நீரில் செலுத்தும் தொட்டியும் உண்டு.

ஈண்டு ஓர் உண்மையை மனத்திற் பதிக்க வேண்டும். கழுவாத கருவியைக் கிருமிநீக்கம் செய்ய இயலாது. அழுக்கின் அடியில் பதுங்கிய கிருமியை நீராவி தொடுவதில்லை. கழுவுதலில் விட்ட குறையைக் கொதிகலம் ஈடுசெய்யும் என்று எண்ணுவது பெரும் பிழை.

மூன்றாம் படி, அலசி உலர்த்துதல். தில்லியில் வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்மையான படிவு சேர்வதை நம்மில் பலர் கண்டிருப்போம். கடினநீரிலுள்ள சுண்ண உப்புகளின் வேலை அது. அதே படிவு கருவியின் கீலிலும் சேரும். ஆகவே இறுதி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரைக் கொள்ளுதல் நலம். அலசியபின் முற்றிலும் உலர்த்தி, கீல்களுக்கு நீரில் கரையும் மசகு இட வேண்டும். சாதாரண எண்ணெய் கூடாது. அதன் படலத்தை நீராவி ஊடுருவாது.

நான்காம் படி, ஆராய்தல். கிடுக்கியின் பற்கள் பொருந்துகின்றனவா? கீல் தடையின்றி அசைகிறதா? திருகுளியின் முனை தேய்ந்துளதா? இவற்றினும் முதன்மையானது துளையூசியின் கூர்மை. கூர்மழுங்கிய ஊசி எலும்பை வெட்டாது உராய்கிறது. உராய்வால் வெப்பம் மிகுகிறது. 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்புத்திசு கேடுறும் என்று 1983ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. இறந்த எலும்பில் திருகாணி நிலைத்து நில்லாது. சில வாரங்களில் தளர்ந்துவிடும். கிருமியே இல்லாத கருவியும் இவ்வாறு அறுவையைக் கெடுக்கவல்லது. எனவே ஐயமுள்ள ஊசியை ஒதுக்கிவிடுவதே சிக்கனம்.

ஐந்தாம் படி, பொதிதல். பளுவான கருவிகளைத் தட்டின் அடியிலும் மெல்லியவற்றை மேலேயும் வைக்க வேண்டும். கிடுக்கிகளைப் பூட்டாமல் திறந்து வைக்க வேண்டும். பூட்டிய வாய்க்குள் நீராவி புகாது. திருகாணிகளை எண்ணி, நீளவாரியாக அவற்றின் சட்டத்தில் நிறுத்த வேண்டும். பின் இரு அடுக்குத் துணியிலோ அதற்கென அமைந்த தாளிலோ பொதிந்து, நிறம் மாறும் நாடாவை ஒட்டி, நாளும் பொதிந்தவர் பெயரும் எழுத வேண்டும். பெயர் எழுதுவது பழி கூறுவதற்கன்று, பொறுப்பை நிலைநாட்டுதற்கு.

ஆறாம் படி, நீராவியால் கிருமிநீக்கம். வெறுங்கொதிநீர் போதாதா எனில், போதாது. சில நுண்ணுயிர்கள் தடித்த ஓடுடைய வித்துகளாக மாறி 100 பாகையையும் தாங்குகின்றன. மலைமேல் இத்துன்பம் இன்னும் மிகுதி. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் பழைய மனையாகிய முக்தேசுவரம் இமயமலையில் ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு நீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். இதற்கு விடை அழுத்தம். 1879ஆம் ஆண்டு பாஸ்டரின் துணைவராகிய சாம்பர்லாந்து அழுத்த நீராவிக் கலத்தை அமைத்தார். நம் அறைகளில் பருப்பு வேகவைக்கும் பிரஷர் குக்கரும் அதே தத்துவத்தைச் சார்ந்ததே. சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு மிகையழுத்தத்தில் நீராவி 121 பாகையை எட்டும்.

ஆனால் இக்கணக்கு தூய நீராவிக்கே பொருந்தும். கலத்திலிருந்த காற்றில் பாதி வெளியேறாமல் தங்கிவிட்டால், அழுத்தமானி அதே 15 பவுண்டைக் காட்டும். வெப்பமோ 112 பாகையளவில் நின்றுவிடும். ஆகவே காற்றை முழுதும் போக்கிய பின்னரே நேரத்தைக் கணக்கிட வேண்டும். பொதிந்த கருவிகளுக்கு 121 பாகையில் 30 நிமிடம் என்பது பொதுவான அளவு. காற்றை முன்னதாக உறிஞ்சி வெளியேற்றும் கலங்களில் 132 முதல் 134 பாகையில் சில நிமிடங்களே போதும். நேரம் முடிந்தவுடன் பொதியை வெளியே இழுத்தலாகாது. ஈரத்துணி வழியே வெளிக்கிருமி உட்புகும். நன்கு உலர்ந்த பின்னரே எடுக்க வேண்டும்.

நாடாவின் நிறம் மாறிவிட்டால் கிருமி அழிந்தது என்று கொள்ளலாமா? கூடாது. நாடா வெப்பம் பட்டதை மட்டுமே அறிவிக்கும். பொதியின் நடுவே வேறொரு வேதியடையாளம் வைக்க வேண்டும். அவ்வப்போது வெப்பந்தாங்கும் ஜியோபேசில்லஸ் வித்துகள் அடங்கிய குப்பியையும் உடன் வைத்து, அவை முளைக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். அவ்வித்துகளே மடிந்தன என்றால் பிறவும் மடிந்தன என்று துணியலாம்.

மின்கலத் துளையெந்திரம் பற்றி ஒரு சொல். வன்பொருட்கடையில் வாங்கும் எந்திரம் நீராவியைத் தாங்காது. கிருமிநீக்கிய உறைக்குள் அதனை முழுதும் இட்டு, கிருமிநீக்கிய ஊசிப்பிடியை மட்டும் வெளியே பொருத்துவது செலவு குறைந்த வழி. எத்திலீன் ஆக்சைடு வளியும் பயன்படும். ஆயின் அது நச்சு வளியாதலால் தனி அறையும் நெடுநேரக் காற்றோட்டமும் வேண்டும்.

அன்பர்களே, இப்பணியைச் செய்வோர் யாவர்? பெரும்பாலும் பட்டம் பெறாத உதவியாளர்கள். அவர்கள் கையில் நாம் தரும் கருவிக் கையேடோ ஆங்கிலத்தில் இருக்கிறது. 121க்கும் 112க்கும் உள்ள வேறுபாட்டை ஒருவர்க்கு அவர் மொழியில் விளக்காமல், அவர் பிழைசெய்தார் என்று கூறுவது அறமாகுமா? அறிவியல் பயிலும் தமிழ் மாணவர் செய்யத்தக்க தொண்டு இங்கே உள்ளது. கழுவும் தொட்டியின் மேல் ஒட்டத்தக்க ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை நாம் எழுதலாம். இந்தி அறிந்தோர் இங்குள்ளோர்க்கு இந்தியிலும் எழுதலாம்.

நீங்கள் ஒரு நாயையோ கன்றையோ எலும்பு அறுவைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால், மூன்று வினாக்களைப் பணிவுடன் கேளுங்கள். பொதி என்று ஆயத்தமானது? அதன் உள்ளடையாளம் நிறம் மாறியுள்ளதா? பொதி உலர்ந்தும் கிழியாமலும் உள்ளதா? நல்ல மருத்துவர் இவ்வினாக்களால் சினங்கொள்ளார், மகிழ்வார்.